நோயாளியால் உட்கார முடியுமா?

அந்த மனுப் பாரத்தில் ஏழாவது கேள்வியை எழுதியது நான்தான். "நோயாளியால் உட்கார முடியுமா?" பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள், ஒன்று ஆம், ஒன்று இல்லை. எழுத அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதன் பிறகு அந்தக் கேள்வியை நினைக்காமல் ஒரு நாள்கூடப் போனதில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சரி, வாரத்துக்கு நாலு நாள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தீவின் ஜார்ஜ்டவுனில் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கொள்கைப் பிரிவில் எனக்கு வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மேசைக்குப் பக்கத்துச் சன்னலில் கடலும், அந்தக் கரையில் பட்டர்வொர்த் ஊரும் தெரியும். அங்கே பாகான் டாலாமில் என் அக்கா இருக்கிறாள். அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"அரசாங்கம் ஜனங்களுக்கு என்ன செய்யணும்னு நினைக்குதோ, அதைத் தாள்ல எழுதிக் குடுக்கிற வேலைக்கா" என்றேன்.

"அப்ப நினைக்கிறது யாரு?"

என் அனுபவத்தில், பதவியில் இருக்கும் பெரியவர் யாராவது எங்கேயோ போய் எதையோ பார்த்துவிட்டு வருவார். அது இரண்டு நாளைக்கு அவர் மனசைவிட்டுப் போகாது. மூன்றாம் நாள் எங்களுக்கு ஒரு குறிப்பு வரும். அதற்குப் பெயர் நினைப்பு என்றால், நினைப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

இந்தத் திட்டமும் அப்படித்தான் வந்தது. ஒரு பெரியவர் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அவர் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாளாம். "இவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வந்த குறிப்புகளிலேயே நல்ல குறிப்பு அதுதான். நான் உட்கார்ந்து எழுதினேன். வாரத்தில் இரண்டு அரை நாள், பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் தூங்கலாம், கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். முதல் பக்கத்தின் முதல் வரியில், இத்திட்டத்தின் நோக்கம் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கொடுப்பது என்று இருந்தது. மலாயில்தான் எழுதினேன், ஆனால் எழுதும்போது மனசுக்குள் தமிழில் அக்கா முகம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். ஆறடி ஆள். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஆனால் புத்தி போகவில்லை. நாம் பேசுவது ஒவ்வொன்றும் அவருக்குப் புரியும். புரியாமல் இருந்திருந்தால் அவருக்காவது நிம்மதியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் தேதி இரண்டு தடவை கிடைத்தது, இரண்டு தடவையும் போகவில்லை. செய்துகொண்டால் சில வாரங்களுக்குக் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. ஆறடி மனிதரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் யார் செய்வது? ஒரே மகள் ஜொகூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

நான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. நான் அவருக்குக் கொழுந்தியா. கல்யாணத்தன்று என்னைக் கேலி செய்து அழவிட்டவர். நான் வந்து அவர் துணியை மாற்றுவதற்கு அவர் செத்துப்போவதே மேல் என்று நினைப்பார். அதனால் அக்காவுக்குக் கண் தெரிய வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தாக வேண்டும். அந்த ஆளை அனுப்புகிற திட்டத்தை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு கூட்டங்கள் ஆரம்பித்தன. கூட்டத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை, இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நிதிப் பிரிவுக்காரர், ஓய்வை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர், களைப்பாக இருக்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, நானும்தான் களைப்பாக இருக்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோயாளியை அளக்கலாம், உட்காருவாரா, சாப்பிடுவாரா, பேசினால் பதில் தருவாரா என்று பார்த்து எழுதலாம். அப்படித்தான் பார்த்துக்கொள்பவர் முதல் வரியிலிருந்து இரண்டாம் பத்திக்குப் போனார், அங்கிருந்து பின்னிணைப்புக்குப் போனார். நாலாவது கூட்டம் முடிந்தபோது திட்டத்தின் நோக்கம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு உதவுவது என்று மாறியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் எதையும் எடுத்ததாகவே தெரியவில்லை.

பாரத்தில் மட்டும் பார்த்துக்கொள்பவரைப் பற்றி மூன்று கேள்விகள் மிச்சம் இருந்தன. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன நோய், கடைசியாக எப்போது தனியாக வெளியே போனீர்கள். மூன்றும் நான் எழுதியவை. பாரம் ஒரே தாளில், முன்னும் பின்னுமாக அடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐந்து வரி அதிகமாக இருந்தது. எந்த ஐந்து வரியை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது, எனக்குப் பசி. அந்த மூன்று கேள்விகளையும் எடுத்தால் சரியாக ஐந்து வரி. எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மீன்கறி சாப்பிட்டேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

திட்டம் அறிவித்ததும் அக்காவை மனு போடச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சொந்த அக்கா, என் அலுவலகத் திட்டம், அதனால் நான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அதிகாரி வீட்டுக்கு வந்து அத்தானைப் பார்க்கும் தேதியை ஒரு வாரம் முன்னாலேயே போனில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாரமும் அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். அன்றைக்கு அதை நேர்மை என்று நினைத்தேன்.

அதிகாரி வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"உன் ஆபிஸ்காரர் வந்துட்டுப் போனாரு. மலாய்க்காரரு, நம்ம வயசு இருக்கும். ரொம்ப நல்ல மாதிரிலா. செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டுத்தான் உள்ள வந்தாரு. நான் உளுந்து வடை போட்டிருந்தேன், மூணு சாப்பிட்டாரு. உன் பேரைச் சொல்லல, பயப்படாதே."

"அத்தான் எப்படி இருந்தாரு?"

"ஜோரா இருந்தாரு. காலையிலேயே குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி, தலை சீவி, திருநீறு பூசி, புதுச் சட்டை போட்டு ஹால்ல நாற்காலியில உக்கார வச்சிட்டேன்லா. சாயாம இருக்க வயித்தைச் சுத்திக் கைலியால நாற்காலியோட கட்டிட்டேன். சட்டைக்குள்ள கட்டுனதால வெளிய தெரியல."

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றேன். கடலில் படகு ஒன்று அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன?"

"உக்காருவாரான்னாரு, போலேன்னேன். தானா சாப்பிடுவாரான்னாரு, போலேன்னேன். பேசினா புரியுமான்னாரு, அதுக்கு உங்க அத்தானே சிரிச்சிட்டாரு."

போலே என்றால் மலாயில் முடியும். எல்லாவற்றுக்கும் முடியும் என்று சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே வேண்டியதில்லை. அத்தான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவரால் கை தூக்க முடியாது, ஊட்டிவிட வேண்டும், துணி நனைத்துவிடுவார் என்று வந்த விருந்தாளியிடம் புருஷனை வைத்துக்கொண்டே எந்தப் பொம்பளை சொல்வாள்? எங்கள் வீடுகளில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் முதலில் நோயாளியைத்தான் சுத்தம் செய்வோம். டாக்டர் வந்தாலே செய்வோம், அரசாங்கம் வந்தால் கேட்க வேண்டுமா? இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தே ஏழாவது கேள்வியை எழுதியிருக்கிறேன். எழுதும்போது நான் எங்கள் வீட்டுப் பெண்ணாக இல்லை, கொள்கைப் பிரிவாக இருந்தேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. தகுதி இல்லை. "கிடைக்கலலா" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிராகரித்த கோப்புகளைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, அது என் வேலைதான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். சுங்கை பாக்காப்பில் ஒரு வீடு: நோயாளி நாற்காலியில், பட்டுச் சேலையில். தாசேக் கெலுகோரில் ஒரு வீடு: நோயாளி சுத்தமாக, பவுடர் பூசி, தலையணைகள் நடுவே. இன்னொன்றில், நோயாளி அதிகாரியைக் கும்பிட்டார் என்று இருந்தது. அவர் கையை யார் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தது என்று நான் யோசித்தேன். பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சீனர் வீடுகளும் மலாய்க்காரர் வீடுகளும்கூட அந்தக் குவியலில் இருந்தன, வெட்கம் எங்களுக்கு மட்டுமா சொந்தம். ஆனால் எங்கள் வீடுகளின் கோப்புகளை பெயரை மூடினாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதிகாரிகள் மேல் தப்பில்லை. கண்ணில் பட்டதை நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். என் அக்காவும் இதில் ஒருத்தி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு, வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்று விளக்கினேன். எடுத்துவிட்ட மூன்று கேள்விகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், பார்த்துக்கொள்பவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்றேன். என் ஜன்மத்தில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். தலைமை தாங்கியவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"அப்படியானால் வீட்டின் உண்மை நிலை நம் அதிகாரிகளுக்குத் தெரிவதில்லை" என்றார் அவர்.

"ஆமாம்."

"முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதால் வரும் சிக்கல்."

இது எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாய் திறந்து, அது இல்லை என்றேன். ஆனால் மேசையைச் சுற்றி எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் முடிவானது: இனிமேல் சொல்லாமல் போய்ப் பார்ப்பது. பாரத்தைத் தொட வேண்டாம், திரும்ப அச்சடிக்க வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்ப மனு போடலாம். என் கருத்துக்கு நன்றி சொன்னார்கள். கூட்டக் குறிப்பில், இம்மாற்றம் என் பரிந்துரையின் பேரில் என்று எழுதியிருந்தது. திருத்தச் சொல்லி எழுதினேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள், அடுத்த கூட்டத்தில் வேறு திட்டம் வந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பையில் என் பழைய வரைவு இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதிய கேள்வியை ஒருத்தரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களையில் கத்தரிக்காயைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புழு இருக்கிறதா என்று பார்த்து நறுக்கினாள். விரலில் இரண்டு இடத்தில் பிளாஸ்டர். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் உட்கார்ந்திருந்ததால்தான் கிடைக்கவில்லை, அந்தக் கேள்வியை எழுதியதே நான்தான் என்று.

அவள் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"படுக்கையில, துணி விலகி, வாய் ஒழுகிக்கிட்டுக் கிடக்கிறப்ப ஒருத்தர் வந்து பார்த்து எழுதினாதான் ஆள் அனுப்புவாங்களா?"

"ஆமாக்கா."

"அப்படின்னா எனக்கு வேணாம்லா. லோரி ஓட்டின மனுஷன் அவரு."

நான் கத்தரிக்காயை நறுக்கி முடித்தேன். பிறகு வரைவை எடுத்துப் பிரித்தேன். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பாரத்தில் முதலில் இருந்தது, நான் எடுத்துவிட்டேன் என்றேன். கேளேன் என்றாள்.

"கடைசியா நீ எப்பத் தனியா வெளிய போன?"

யோசித்தாள். விரலை மடக்கினாள், பிரித்தாள். சிரித்தாள்.

"உன் ஆபிஸ்காரர் வர்றதுக்கு முந்தின நாள். பக்கத்து வீட்டு அக்காவை உக்கார வச்சிட்டு அரை மணி நேரம் பாசாருக்கு ஓடினேன். அவருக்குச் சட்டை வாங்க."

அதற்கு முன்னால் எப்போது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அவளே எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். வெளிர் நீலம், முழுக்கை. துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்தாள். கண் சரியாகத் தெரியாதவள் போட்ட இஸ்திரி, காலருக்குக் கீழே ஒரு சுருக்கம் அப்படியே இருந்தது.

"மறுபடி மனு போடலாம்னு இன்னொரு லெட்டர் வந்திருக்கு, மக போன்ல பார்த்துப் படிச்சுச் சொன்னா. போட்டுப் பார்ப்போம். இந்தத் தடவை வர்றவரு வேற மாதிரி எழுதலாம்ல. அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். அவங்க போன் பண்ணதும் போட்டுவிட்டுடலாம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை சொல்லாமல் இருந்து பார்த்தாகிவிட்டது.

"இனிமே போன் பண்ண மாட்டாங்கக்கா. சொல்லாமதான் வருவாங்க. எந்த நாள்னு தெரியாது."

அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். உள்ளே அத்தான் இருமினார். அவள் எழுந்தாள்.

"அப்ப தினமும் காலையில போட்டுவிட்டு உக்கார வச்சிடணும்" என்றாள்.